தங்கச்சி மகளுக்குச் சட்டப்படி கார்டியன் ஆக: மதுரையில் முதல்முறை கோர்ட் படி ஏறுபவர்களுக்கு

என் தங்கச்சி இறந்து நாலு மாதம் கழித்து, அவள் கட்டியிருந்த இன்சூரன்ஸ் பணம் பிள்ளை பெயரில் வரும் என்று கடிதம் வந்தது. பிள்ளைக்கு அப்போது 7 வயது. அவள் பெயரில் கணக்குத் தொடங்க வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பக்குவமாகத்தான் பேசினார்.

"பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"பெரியம்மா."

"அப்பா இருக்காரா?"

"திருப்பூர்ல இருக்காரு. வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. வர்றதில்ல."

"அப்ப அவரு வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா நீங்கதான் கார்டியன்னு கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்கக்கா."

நம் முறைப்படி தங்கச்சி மகள் எனக்கு மகள்தான். அம்மை போட்டபோது வேப்பிலை விரித்துப் படுக்கவைத்ததும், பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து நின்றதும் நான்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் நான் ஒரு உறவுக்காரி, அவ்வளவுதான். அந்த இடைவெளியைக் கடக்க எங்களுக்கு 14 மாதம் ஆனது. அதில் பாதி மாதங்கள் தெரியாமல் செய்த தவறுகளால் போனவை. மதுரையிலோ சுற்று வட்டாரத்திலோ அக்கா மகளை, அண்ணன் மகளை, தங்கச்சி மகளை வைத்து வளர்க்கிற சித்தி, அத்தை, மாமா, சித்தப்பா யாராவது இதைப் படித்தால் அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு எது தேவை?

எல்லாவற்றுக்கும் கோர்ட் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் பிரச்சினை என்றால் வழக்குப் போட ஓடாதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையைப் பராமரித்துத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையே பாதுகாவலர் என்று சொல்கிறது. கோர்ட் நியமித்தவரும் அதில் வருவார், வெறுமனே வளர்ப்பவரும் வருவார். எட்டாம் வகுப்புவரை டி.சி. வரத் தாமதம், வயதுச் சான்று இல்லை என்ற காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் போதும்.

பிள்ளை பெயரில் பணம், நிலம், வீடு இருந்தாலோ, பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தாலோ, "என் பிள்ளையைக் கொடு" என்று யாராவது வாசலில் வந்து நிற்கலாம் என்ற பயம் இருந்தாலோ கோர்ட் ஆணை வேண்டும். பெற்றோர் இருவருமே இல்லாத பிள்ளை என்றால் பயம் எதுவும் இல்லாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் படிவத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள்.

பிள்ளை அடிபடுகிறாள், வேலைக்கு அனுப்பப்படுகிறாள், கல்யாணப் பேச்சு நடக்கிறது, தொடக் கூடாத விதத்தில் தொடப்படுகிறாள் என்றால் வழி வேறு. வக்கீலைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போடுங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோவார்கள். வீட்டுச் சூழலை விசாரித்து, உறவினர் தகுதியானவர் என்று பட்டால் அவரிடமே ஒப்படைக்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அந்த உத்தரவு உங்களுக்குப் பெரிய பலம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து வங்கியிலும் பத்திரப் பதிவிலும் முழு கார்டியனாக நடக்க முடியாது. நிலைமை அடங்கியபின் கோர்ட்டுக்கும் போக வேண்டியிருக்கும்.

தத்து எடுப்பது இன்னொரு வழி. அதில் பிள்ளை சட்டப்படி உங்கள் மகளாகவே ஆகிவிடுகிறாள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி என்றால் பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே மகள் இருந்தால் இன்னொரு பெண் பிள்ளையைத் தத்தெடுக்கவும் முடியாது. எனக்கு மகள் இருக்கிறாள், அதனால் அந்தக் கதவு எனக்கு மூடியே இருந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்தெடுப்பு என்று தனியாக இருக்கிறது. அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் அதில் வருவார்கள். மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்து போகும் அந்த வழியில் 2022 செப்டம்பர் முதல் ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். 5 வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இந்தக் கட்டுரை தத்தைப் பற்றியது இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

இருபது ரூபாய் பத்திரத்தை நம்பாதீர்கள்

என் முதல் தவறு இது. ஆள் தெரிந்தவர் என்று ஒருவர் சொன்னதை நம்பி, பிள்ளையின் அப்பாவை ஒருநாள் வரவழைத்து, "என் மகளை அவள் பெரியம்மாவிடம் ஒப்படைக்கிறேன், இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்தும் வாங்கினோம். அதற்கு 3,000 ரூபாய் செலவு. வங்கியில் காட்டியபோது எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

பெற்ற அப்பாவோ அம்மாவோ தங்கள் கார்டியன் பொறுப்பை ஒரு பத்திரம் எழுதி இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட முடியாது. அது பாத்திரம் பண்டம் போல் கைமாறுகிற பொருள் இல்லை. ஆனாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அப்பா மனமொப்பிப் பிள்ளையை விட்டுப் போனார் என்பதற்கு எங்கள் வழக்கில் அது ஒரு சான்றாக நின்றது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயில் கிடக்கும் தாயோ தகப்பனோ இன்னும் உயிரோடு இருந்தால், பேசக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் பேசுங்கள். இந்துக் குடும்பங்களில் பிள்ளைக்கு யார் கார்டியன் என்று உயிலில் எழுதிவைக்க 1956ஆம் ஆண்டு மைனர் மற்றும் கார்டியன் சட்டம் வழி தருகிறது. என் தங்கச்சி டயாலிசிஸ் படுக்கையில் இருந்த எட்டு மாதமும் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

கோர்ட் எதைப் பார்க்கிறது

சட்டம் பழையது. 1890ஆம் ஆண்டு கார்டியன் சட்டம் இது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் மனு போடுவது இதன் கீழ்தான். இந்துக்களுக்கு இதோடு 1956ஆம் ஆண்டு மைனர் மற்றும் கார்டியன் சட்டமும் சேரும். அதன் 13ஆம் பிரிவு எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலனை வைக்கிறது.

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவை வக்கீலிடம் கேட்டுத் தமிழில் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் வயது, பெண்ணா ஆணா, மதம், கேட்பவரின் குணம், அவரால் வளர்க்க முடியுமா, ரத்த உறவு எவ்வளவு நெருக்கம், இறந்துபோன தாய் தகப்பனின் விருப்பம் என்ன, இதுவரை இருவருக்கும் இருந்த பழக்கம் எப்படி, இதெல்லாம் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதாக இருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம்.

பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தால்தான் சிக்கல். 19ஆம் பிரிவு, தாயோ தகப்பனோ இருந்து அவர் தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாதவரை வேறு கார்டியனை நியமிக்கத் தடை போடுகிறது. ஆகவே "நான் நல்லா வளக்குறேன்" என்பது மட்டும் போதாது. தகப்பன் ஏன் வளர்க்கும் நிலையில் இல்லை என்பதையும் காட்ட வேண்டும், அல்லது அவரே வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சொன்னால் இது புரியும். 2019இல் வந்த ஒரு வழக்கில் தாய் புற்றுநோயில் இறந்துவிட, அதே சமயம் தகப்பனும் கடும் நோயில் ஆஸ்பத்திரியில் கிடக்க, கைக்குழந்தையைத் தாயின் சகோதரிகள் வளர்த்தார்கள். தகப்பன் குணமாகி வந்து கேட்டார். கோர்ட் அவரிடமே கொடுத்தது. அவர் பிள்ளையைக் கைவிடவில்லை, நோயில் கிடந்தார், அவ்வளவுதான். 2024இல் வந்த இன்னொரு வழக்கிலும் தாய் இல்லாத குழந்தை தாயின் சகோதரிகளிடம்தான் இருந்தது. அங்கே, குழந்தை ஒன்றும் தூக்கி இடம் மாற்றும் சாமான் இல்லை, பழகிய கையிலிருந்து பிடுங்கினால் அதற்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் ஒப்படைக்கச் சொன்னது தவறு என்று உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து, கார்டியன் சட்டப்படி முறையாக விசாரிக்கச் சொன்னது. தகப்பன் வந்து பார்க்கவும் வழி செய்தது.

இரண்டும் சித்திமார் வழக்குதான், முடிவு வேறு வேறு. என் வக்கீலம்மா முதல்நாளே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, உங்களுக்கு உரிமை இருக்குன்னு மனுவுல ஒரு வரி கூட எழுத மாட்டேன். பிள்ளைக்கு என்ன நல்லதுன்னு மட்டும்தான் எழுதுவேன்."

நோட்டுப் புத்தகம்

எங்கள் வழக்கைத் தாங்கி நிறுத்தியது ஒரு 200 பக்க நோட்டு. செல்லூரில் எங்கள் தெருமுனைக் கடையில் வாங்கியது, அட்டையில் எண்ணெய்க் கறை கூட இருக்கும். தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்த காலத்திலேயே, அவள் கேட்பாளே என்பதற்காக எழுத ஆரம்பித்தேன். "இன்று 102 காய்ச்சல், ராத்திரி இரண்டு தடவை மருந்து." "டிக்டேஷனில் 8/10." "பல் விழுந்தது, மாட்டுச் சாணத்தில் வைத்துக் கூரையில் எறிந்தோம்." அவள் போன பிறகும் எழுதுவதை நிறுத்த மனம் வரவில்லை.

வக்கீலம்மாவுக்கு அதைத் தயங்கித் தயங்கித்தான் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அதில் தங்கச்சி படுத்த காலத்திலிருந்தே பதிவு இருந்தது. எந்தத் தேதியில் யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனார்கள், அப்பா எப்போது போன் பண்ணினார், எப்போது பண்ணவில்லை, எல்லாம் இருந்தது. அப்பாவைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை, அது தற்செயல்தான். ஆனால் அதுதான் அந்த நோட்டுக்கு மதிப்பைக் கொடுத்தது என்றார் அவர். வழக்குக்காக எழுதிய நோட்டு என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் இன்றைக்கே ஆரம்பியுங்கள். பழைய தேதிகளை இட்டு நிரப்ப வேண்டாம், அது பொய்யாகிவிடும். இன்றைய தேதியிலிருந்து நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கூடவே ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, பள்ளிக் கட்டண ரசீது, முன்னேற்ற அறிக்கையில் நீங்கள் போட்ட கையெழுத்து, ஆண்டுவிழா போட்டோ, வேன்காரருக்குப் பணம் அனுப்பிய ஜிபே விவரம் எல்லாம் அதில் போகட்டும். வீட்டில் எறிந்துவிடுகிற துண்டுச் சீட்டுதான் "பிள்ளை இவரிடம்தான் வளர்ந்தாள்" என்று கோர்ட்டில் பேசும்.

சேர்க்க வேண்டிய காகிதம்

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று. இறந்த பெற்றோரின் இறப்புச் சான்றிதழ். இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர் பதிவாளரிடம்தான் அது கிடைக்கும். உசிலம்பட்டிக்காரர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்திருந்தால் மதுரை மாநகராட்சியில் தேடுங்கள், உங்கள் ஊராட்சியில் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பம். உங்கள் ஆதார், குடும்ப அட்டை, வருமானத்துக்குச் சான்று, கல்யாணச் சான்று. பிள்ளை பெயரில் சொத்தோ பணமோ இருந்தால் அதன் ஆவணம்.

எழுத்துப் பிழைகளைக் கோர்ட்டுக்குப் போகும் முன்பே பாருங்கள். எங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தங்கச்சி பெயர் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. இன்ஷியலும் இடம் மாறியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு மாதம் அலைந்தோம்.

எங்கே, யாரிடம்

பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறாளோ அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். அப்பா திருப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் பிள்ளை மதுரையில் வளர்ந்தால் மதுரையில் போடலாம். பிள்ளையின் ஆளுக்குக் கார்டியன், அதாவது வளர்க்கும் பொறுப்பு என்றால் குடும்ப நல நீதிமன்றம். சொத்துக்கு மட்டும் கார்டியன் என்றால் மாவட்ட நீதிமன்றம். இரண்டும் வேண்டுமென்றால் எப்படிப் பிரித்து, எங்கே போடுவது என்று வக்கீலிடம் முதல்நாளே கேளுங்கள். எங்கள் மனு முதலில் திரும்பி வந்ததே இதனால்தான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஆரம்பத்திலேயே போக வேண்டியதில்லை. 2004இல் வந்த அந்தக் கிளைக்கு, பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஆட்கொணர்வு மனுவோடு ஓடலாம், பிறகு மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்று பின்வாங்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வாசலில் கேட்டால் "லீகல் எய்டா?" என்று கை காட்டுவார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் உள்ளவர்கள் அங்கங்கே கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். வீட்டிலிருந்தபடியே 15100க்கும் போன் பண்ணலாம். மாமா, சித்தப்பா மனு போடுவதானால் அவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வரம்பும் இல்லை.

மனு, நோட்டீஸ், வாய்தா

மனுவில் பிள்ளையின் விவரம், அவள் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறாள், நெருங்கிய உறவினர் யார் யார், அவர்கள் முகவரி, முன்பு யாராவது இப்படி மனு போட்டார்களா, சொத்து என்ன, நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பொறுப்பேற்கச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியில் குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து மனுதாரராகப் போடுவது நல்லது. என் வீட்டுக்காரர் இரண்டாம் மனுதாரர். கூண்டில் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே, "இந்தப் பிள்ளை உங்க வீட்ல இருக்கறது உங்களுக்கு முழு சம்மதமா?" என்பதுதான்.

மனுவை ஏற்றுக்கொண்டால் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று ஒரு எண் விழும். அதைப் போனில் சேமித்து வையுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது நோட்டீஸ். உயிரோடிருக்கும் பெற்றோருக்குக் கட்டாயம் போக வேண்டும். எங்கள் நாலு வாய்தா இங்கேதான் போனது. பிள்ளையின் அப்பா பனியன் கம்பெனி மாற்றும்போதெல்லாம் வீட்டையும் மாற்றுபவர். பழைய முகவரிக்குப் போன நோட்டீஸ் எல்லாம் "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ் அனுப்பும் கட்டணமான பேட்டா கட்டி, மறுபடி காத்திருந்து... கடைசியில் அவருடைய அம்மாவிடம் நேரில் போய் உட்கார்ந்து பேசி முகவரி வாங்கினேன். அதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும். வைராக்கியத்தில் போகவில்லை. ஆள் கிடைக்கவே இல்லை என்றால் கோர்ட் அனுமதியோடு பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் முகவரி தெரிந்தே மறைத்து அப்படிச் செய்தால் பின்னால் ஆணையே ஆட்டம் காணும்.

வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாத அவசரம் இருந்தால் இடைக்கால உத்தரவு கேட்டு தனி மனு போடலாம், சட்டத்தின் 12ஆம் பிரிவு அதற்குத்தான். யாரும் வந்து பிள்ளையைத் தூக்கிப் போய்விடக் கூடாது என்று நாங்கள் கேட்டோம், கிடைத்தது.

எதிராளி வந்தால் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். இதை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். எங்கள் வழக்கு அந்தச் சின்ன அறையில்தான் திரும்பியது. அவர் அழுதார். "எனக்கு வளக்க முடியல, ஆனா என் மக இல்லைன்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க" என்றார். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. கார்டியன் ஆணையால் அவர் தகப்பன் இல்லை என்று ஆகாது, பிள்ளையின் இன்ஷியலும் மாறாது, அவர் சொத்தில் அவளுக்குள்ள பங்கும் போகாது. அதை ஆலோசகர் பொறுமையாக விளக்கியபின்தான் சம்மத வாக்குமூலம் தந்தார்.

நீதிபதி பிள்ளையிடம் பேசும் நாள்

அன்றைக்கு 9 வயது. காலையில் இரட்டைச் சடை போட்டு, அவளுக்குப் பிடித்த மஞ்சள் பாவாடை சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். நீதிபதி எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தன் அறையில் அவளிடம் தனியாகப் பேசினார். பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தவள், "அந்தம்மா நான் என்ன சாப்பிட்டேன், யாரு சடை போட்டு விடுவா, பயமா இருந்தா யாரக் கூப்பிடுவன்னு கேட்டாங்க பெரிம்மா" என்றாள். என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

சொல்லிக்கொடுத்து அனுப்புவதுபோல் கெடுதல் வேறில்லை. "பெரிம்மாகூடத்தான் இருப்பேன்னு சொல்லு" என்று பழக்கினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், அப்பாவைப் பற்றி அவள் முன்னால் குறை பேசாதீர்கள். ஒரு பிள்ளை தன் அப்பாவை வெறுத்துப் பேசினால், பேசுவது பிள்ளையா வளர்ப்பவர்களா என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த வெறுப்பைக் கோர்ட்டிலிருந்து வீட்டுக்கும் சேர்த்துத்தானே அவள் சுமந்து வருவாள்.

தாய்மாமன்மாருக்குத் தனியாக ஒரு சொல்

நம் பக்கம் மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துகிறோம், சடங்குக்கு முதல் சீர் மாமன் சீர்தான். அந்த உரிமையில் அக்கா மகளை வளர்க்க முன்வரும் மாமன்களை மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கமும் இதே மண்ணில் இருக்கிறது என்பது நீதிபதிக்கும் தெரியும். கல்யாணமாகாத மாமன் தனியாக மனு போட்டால் அதை யோசிக்காமல் இருக்க மாட்டார்கள், யோசிப்பதுதான் சரி. பாட்டியையோ சித்தியையோ சேர்த்து மனுதாரராக்குங்கள். பிள்ளைக்குத் தனியாகப் படுக்க இடம், கதவு வைத்த குளியலறை, வீட்டில் எப்போதும் ஒரு பெண் துணை, இதையெல்லாம் மனுவிலேயே சொல்லுங்கள். 18 வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு வீட்டுக்குள் கேலியாகக் கூட வர வேண்டாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணம் குற்றம். ஏற்பாடு செய்பவருக்கும் தண்டனை உண்டு.

ஆணை கையில் வந்த பிறகு

சான்றிட்ட நகல் கேட்டு உடனே மனு போடுங்கள், குறைந்தது மூன்று பிரதி. பிறகு வரிசையாக வங்கி, பள்ளிக்கூடம், குடும்ப அட்டை.

பணத்தில் கவனமாக இருங்கள். பிள்ளையின் சொத்துக்கும் கார்டியனாக நியமித்திருந்தால், கோர்ட் அனுமதி இல்லாமல் அவள் நிலத்தையோ வீட்டையோ விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விடக் கூடாது. கோர்ட் கேட்டால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுத்து, சொல்லும்போதெல்லாம் கணக்கும் காட்ட வேண்டும். அவள் இன்சூரன்ஸ் பணத்தை அவள் பெயரில் வைப்புத் தொகையாகப் போட்டோம். செலவுக்கு எடுத்தால் அதே 200 பக்க நோட்டின் பின்பக்கம் எழுதிவிடுவேன். சைக்கிள் 5,400, கண்ணாடி 1,150 என்று. பிள்ளையைக் கோர்ட் எல்லை தாண்டி வேறு ஊருக்குக் குடியோடு கூட்டிப்போவதானாலும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். துபாயில் வேலை கிடைத்தது என்று கிளம்புபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அரசு உதவியும் இருக்கிறது. வறுமையில் உள்ள குடும்பங்களுக்கு, உறவினரிடம் வளரும் பெற்றோரற்ற பிள்ளைகள் உட்பட, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பராமரிக்க முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் ஒரு மனுவாகக் கொடுத்துவிடலாம். தாயோ தகப்பனோ பி.எஃப். பிடித்த வேலையில் இருந்திருந்தால் பிள்ளைக்கு ஓய்வூதியம் உண்டா என்று அந்த அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

எங்கள் ஆணையில் மாதம் ஒரு நாள் அப்பா வந்து பார்க்கலாம் என்று இருக்கிறது. இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 முதல் மதியம் 1 வரை. வீட்டில் வைத்தால் பேச்சு வேறெங்காவது போய்விடும் என்று ராஜாஜி பூங்காவில் வைத்துக்கொண்டோம். நான் டிக்கெட் கவுண்டர் பக்கத்து மர நிழலில் உட்கார்ந்துகொள்வேன். முதல் இரண்டு மாதம் அவர் வரவில்லை. மூன்றாவது மாதம் ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி, கையில் ஒரு பனியன் பார்சலோடு வந்தார். பிள்ளைக்கு அது இரண்டு சைஸ் பெரிதாக இருந்தது. அவள் அங்கேயே சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு ஊஞ்சலுக்கு ஓடினாள். அன்றைய தேதியைப் போட்டு அதையும் நோட்டில் எழுதினேன்.